ரத்தப் பட்டியல் திறக்காத நாள்

தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் ரத்த வங்கியில் எழுத்தராக வேலை பார்த்தேன். எனக்கு இருபத்தாறு வயது. ரத்தம் எடுப்பதும் சோதிப்பதும் மற்றவர்களின் வேலை. என் வேலை, கூப்பிட்டால் வந்து ரத்தம் கொடுக்கக்கூடியவர்களின் பட்டியலை வைத்துக்கொள்வது. பெயர், வயது, ரத்தப் பிரிவு, ஊர், தொலைபேசி எண், கடைசியாகக் கொடுத்த தேதி.

சாதாரணப் பிரிவுகளுக்குப் பட்டியல் அவ்வளவாகத் தேவைப்படாது. குளிர்பெட்டியில் பைகள் இருக்கும், இல்லாவிட்டால் நோயாளியின் சொந்தக்காரர்களில் நாலு பேரைச் சோதித்தால் ஒருவருக்காவது பொருந்திவிடும். நெகட்டிவ் பிரிவுகள் அப்படி இல்லை. அதிலும் ஓ நெகட்டிவ். அந்த ரத்தம் பெட்டியில் தங்காது. ஊருக்குள் நடமாடிக்கொண்டிருக்கிற பத்துப் பன்னிரண்டு பேர்தான் அதற்குக் குளிர்பெட்டி. அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது தெரிந்தால் ரத்தம் உண்டு, தெரியாவிட்டால் இல்லை.

நான் சேர்ந்தபோது அந்தப் பட்டியல் பழுப்பு நிற அட்டைகளில் இருந்தது. இரண்டு தகரப் பெட்டிகள் நிறைய அட்டைகள். ஒரு பெட்டியில் கரையான் ஏறியிருந்தது. நான் சாயங்கால வகுப்பில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவள். இதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் நிமிடத்தில் ஆளைத் தேடி எடுக்கலாம் என்று ரத்த வங்கியின் பொறுப்பில் இருந்த டாக்டரம்மாவிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஒரு மில்காரர் தன் அலுவலகத்தில் புதிது வாங்கியபோது பழைய கம்ப்யூட்டரை எங்களுக்கு நன்கொடையாகத் தந்தார். நான்கு மாதம் உட்கார்ந்து ஆயிரத்துச் சொச்சம் பெயர்களைத் தட்டி ஏற்றினேன்.

ஏற்றி முடித்த வாரமே அட்டைகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டேன். "அட்டையெல்லாம் ஒரு ஓரமா இருக்கட்டுமே" என்றார் டாக்டரம்மா. "அதெல்லாம் எதுக்குங்க டாக்டர், ஒண்ணு விடாம உள்ளே ஏறிருச்சுங்க" என்றேன். அந்தக் குரலில் இருந்த பெருமை இன்னும் என் காதில் கேட்கிறது.

அது ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று கோயமுத்தூரில் அப்போதெல்லாம் நாள் முழுக்க அடிக்கும். எங்கேயாவது தென்னை மட்டை கம்பியில் விழும், மின்சாரம் போகும், வரும், மறுபடி போகும். மின்சாரம் போனாலும் பத்து நிமிடம் தாக்குப்பிடிக்க வேண்டிய பேட்டரிப் பெட்டி செத்து இரண்டு மாதமாகியிருந்தது. மாற்றித் தரும்படி எழுதிக் கொடுத்திருந்தேன், இன்னும் வரவில்லை. முந்தின நாள் சாயங்காலம் நான் புதிதாக வந்த பெயர்களை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய், திரை அப்படியே அணைந்திருந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். பட்டியலைத் திறந்தபோது நடுவில் சில வரிகள் கோணல்மாணலாகத் தெரிந்தன. வகுப்பில் சொல்லிக் கொடுத்தது நினைவிருந்தது. கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் பதிந்து வைக்கிற வட்டில் கோப்புகளின் கணக்கு குழம்பிப்போனால் அதைச் சரிபார்க்க ஒரு கட்டளை உண்டு. அதைக் கொடுத்தேன். எந்தக் கோப்புக்கும் சொந்தமில்லாத துண்டுகள் இருக்கின்றன, சரிசெய்யட்டுமா, ஆம் என்றால் ஒய், இல்லை என்றால் என் என்று திரை கேட்டது. அதோடு நிறுத்தி யாரையாவது கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். ஒய் விசையைத் தட்டினேன்.

உள்ளே வட்டு கரகரவென்று ஓடியது. அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. ஜன்னல் கதவு படாரென்று அடித்துக்கொண்டது, மின்விசிறி வேகம் குறைந்தது, திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது.

இரண்டு நிமிடத்தில் மின்சாரம் வந்துவிட்டது. கம்ப்யூட்டரைப் போட்டேன். நினைவகத்தை எண்ணியது. ஒரு பீப் சத்தம் போட்டது. அப்புறம் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி. இது சிஸ்டம் வட்டு இல்லை, மாற்றிவிட்டு ஏதாவது ஒரு விசையைத் தட்டு என்று அந்த வரி சொன்னது. தட்டினேன். அதே வரி. அணைத்துப் போட்டேன். அதே வரி. ஃப்ளாப்பி போட்டு அதன் வழியாக உள்ளே போய்ப் பார்த்தேன். உள்வட்டைப் படிக்க முடியவில்லை, நிறுத்தவா, மறுபடி முயலவா, விட்டுவிடவா என்று கேட்டது. மறுபடி, மறுபடி, மறுபடி என்று எத்தனை தடவை தட்டினேன் என்று தெரியாது.

அப்போதுதான் டாக்டரம்மா உள்ளே வந்தார். எப்போதும் நிதானமாக நடப்பவர், அன்றைக்கு நடையில் வேகம் இருந்தது.

"ஓ நெகட்டிவ் ஆளுக எத்தனை பேர் இருக்காங்க? உடனே பட்டியல் எடும்மா. பிரசவ வார்டுல ஒரு பொண்ணு, தொண்டாமுத்தூர்ப் பக்கம். காலையில கொழந்தை பொறந்துச்சு, ரத்தம் நிக்கலை. நம்மகிட்ட இருந்த ஒரு பையை ஏத்தியாச்சு."

"பாசிட்டிவ் குடுக்க முடியாதுங்களா டாக்டர்?" என்று கேட்டேன். என் கேள்வி எனக்கே அசட்டுத்தனமாக இருந்தது. நேரம் கடத்தத்தான் கேட்டேன்.

"இது மூணாவது பிரசவம். முன்னாடி ரெண்டும் தங்கலை. அவ ரத்தத்துல எதிர்ப்பு உண்டாகியிருக்கு. பாசிட்டிவ் ஏத்துனா நாமளே கொன்னமாதிரி. ஏம்மா, என்ன ஆச்சு உனக்கு?"

"கம்ப்யூட்டர் திறக்க மாட்டேங்குதுங்க."

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திட்டவில்லை. "எப்படியாவது எடு" என்று மட்டும் சொல்லிவிட்டு, மற்ற ரத்த வங்கிகளுக்கு போன் பண்ண அடுத்த அறைக்குப் போனார்.

என்னிடம் ஒரு நகல் இருந்தது. நான்கு மாதத்துக்கு முன் ஃப்ளாப்பியில் எடுத்து வைத்தது. மேசை இழுப்பறையிலிருந்து எடுத்தேன். உறையைத் தள்ளிப் பார்த்தால் உள்ளே இருந்த கறுப்பு வட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது. துப்பட்டா நுனியால் துடைத்துவிட்டுப் போட்டேன். கர், கர் என்று இழுத்துவிட்டு, படிக்க முடியவில்லை என்றது. காகிதத்தில் அச்செடுத்து வைத்திருக்கலாம். அச்சு எந்திரத்தின் ரிப்பன் காய்ந்துபோயிருந்தது, புதிது வந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டிருந்தேன்.

கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அதில் காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற ஒருவரின் எண். முப்பது வயதுக்காரர், முன்பு இரண்டு தடவை வந்திருக்கிறார். நல்லவேளையாக அவரே எடுத்தார். நான் மூச்சுவிடாமல் சொன்னேன்.

"மேடம், மேடம், சித்த நில்லுங்க. கடைசியா அது என்னமோ கேட்டுச்சுன்னு சொன்னீங்களே, அதுக்கு என்ன தட்டினீங்க?"

"ஒய்."

"செரிங்க. இனி எதையும் தட்டாதீங்க. அணைச்சுப்போட்டுத் தள்ளி உக்காருங்க. நான் வாரேன்."

அவர் வருவதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரத்தில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, எனக்கு நினைவிருக்கிற பெயர்களை எழுத ஆரம்பித்தேன். ஆயிரம் பெயரையும் என் விரலால் தட்டியவள்தானே. பெயர்கள் வந்தன. எழுத்துப் பிழையோடு எழுதியவர்கள், கையெழுத்து புரியாதவர்கள், வயதை மறைத்தவர்கள் எல்லாம் வந்தார்கள். எல்லோரும் பி பாசிட்டிவ், ஏ பாசிட்டிவ். ஓ நெகட்டிவில் ஒரே ஒருவர்தான் நினைவுக்கு வந்தார். ஒரு வங்கியில் வேலை பார்த்த அம்மா. எந்தக் கிளை என்று தெரியும், எண் தெரியாது. விசாரித்து எண் வாங்கி அவரைப் பிடித்தேன். "அய்யோ கண்ணு, நான் போன மாசம்தானே குடுத்தேன், நீதானே டீ வாங்கிக் குடுத்தே" என்றார். அதுவும் எனக்கு நினைவில்லை. அதையும் அந்தப் பெட்டிக்குள்தான் போட்டு வைத்திருந்தேன்.

மற்ற ரத்த வங்கிகளில் ஒன்றில் ஒரு பை இருந்தது. அதை எடுத்துவர ஆள் போனார். "இன்னும் குறைஞ்சது ரெண்டு வேணும்" என்று டாக்டரம்மா கதவருகில் நின்று சொல்லிவிட்டுப் போனார். அவர் விலகியதும்தான் பார்த்தேன், அவருக்குப் பின்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். முழங்கால் வரை செம்மண் தெறித்த வேட்டி, தோளில் ஒரு துண்டு, கையில் எங்கள் சோதனைக்கூடத்தின் சீட்டு. அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர். அவரையும் அவரோடு வந்த மூன்று பேரையும் சோதித்து, நான்கு பேருமே பாசிட்டிவ் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"ஏனுங்கம்மா" என்றார். "இந்தச் சீட்டை எங்கீங்க குடுக்கறது?"

"எங்கேயும் குடுக்க வேண்டாங்க. உங்க ரத்தம் சேராதுன்னு அதுல எழுதியிருக்குது."

அவர் அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தப்பு செய்தவர் போல அதை மடித்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். போகவில்லை. கதவு நிலையைப் பிடித்தபடி அங்கேயே நின்றார்.

பழுது பார்ப்பவர் வந்ததும் வேலையில் இறங்கினார். தன் பையிலிருந்து ஒரு ஃப்ளாப்பியை எடுத்துப் போட்டு, வட்டின் உள்ளே எட்டிப்பார்க்கிற ஒரு கருவியைத் திறந்தார். திரை முழுக்க எண்களும் புரியாத எழுத்துகளும். அவர் விரல் வைத்துக் காட்டினார்.

"எந்தக் கோப்பு வட்டுல எங்கெங்க இருக்குதுன்னு ஒரு அட்டவணை இருக்குமுங்க. ஒண்ணு கெட்டாலும் இருக்கட்டுமுன்னு ரெண்டு நகல் வெச்சிருக்குமுங்க. ஒண்ணு பாதி அழிஞ்சிருக்குது. இன்னொண்ணை நீங்க தட்டுன ஒய் மாத்திக்கிட்டு இருக்கும்போதே கரண்டு போயிருச்சு. இப்ப ரெண்டும் ரெண்டு விதமா இருக்குது. எதை நம்பறதுன்னு எனக்கே தெரியலீங்க."

"சரிபண்ண எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு நாள் ஆகும். ரெண்டு நாளுங்கூட ஆகலாமுங்க."

அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். கதவருகில் நின்றவர் கேட்டார், "அந்தப் பொட்டிக்குள்ள என்னங்கம்மா தேடறீங்க? ரத்தம் அதுலயா இருக்குது?"

"ரத்தம் குடுக்கறவங்க பேரு இதுல இருக்குதுங்க."

"இருக்குதுன்னா எடுத்துப்போடுங்கம்மா" என்றார். அவ்வளவு எளிமையாகச் சொன்னார். கேலியில்லை, கோபமில்லை. இருக்கிறது என்றால் எடுக்க வேண்டியதுதானே.

அந்தச் சொல் எனக்குள் என்ன செய்தது என்று தெரியவில்லை. நான் பழுது பார்ப்பவரிடம் கேட்டேன், "அட்டவணை போனா போகட்டுங்க. நான் தட்டுன பேரு அழிஞ்சிருச்சா, இல்லை அங்கேயே இருக்குதா?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "முக்காவாசிப் பேரு அங்கயேதான் கிடக்குமுங்க. எது எங்கன்னுதான் தெரியாது."

"அப்போ அட்டவணை இல்லாமலே தேட முடியாதா? நான் ஓ நெகட்டிவ்னு எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் தட்டியிருக்கேன். ஓ போட்டு, ஒரு இடம் விட்டு, என் ஈ ஜி."

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அதைச் செய்யலாமுங்க" என்றார். "கோப்பைத் தேட வேண்டாம். எழுத்தையே தேடுவோம். வட்டோட இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும்."

தேடலைப் போட்டார். வட்டு ஓட ஆரம்பித்தது. திரையில் ஒரு எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது. நாங்கள் மூன்று பேரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே காற்று ஊளையிட்டது. இன்னொரு தடவை மின்சாரம் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நான் மேசையின் அடியில் கையைக் கோத்துக்கொண்டு போயிராதே, போயிராதே என்று மின்விசிறியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எண் நின்றது. குப்பை எழுத்துகளுக்கு நடுவில், தெளிவாக, ஒரு பெயர். ஒரு ஊர். ஒரு எண். பக்கத்தில் ஓ நெகட்டிவ். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் பெயருக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. நட்சத்திரம் இருந்தால் நானே நீக்கியவர் என்று பொருள். யார் என்று புரிந்துவிட்டது. மஞ்சள் காமாலை வந்தவர், இனிமேல் அவரைக் கூப்பிட வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

"அடுத்தது" என்றேன்.

அடுத்தவர் உடுமலைப்பேட்டை. எண் முழுதாக இருந்தது. கூப்பிட்டேன். அவரே எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். இரண்டு மணி நேரப் பயணம், காரில் வந்தால் இன்னும் சீக்கிரம் வந்துவிடலாம் என்றேன்.

"யாருக்குங்க?" என்று கேட்டார்.

"பிரசவமான பொண்ணுங்க. தொண்டாமுத்தூர்ப் பக்கம்."

"அது செரிங்க. யாரு ஊட்டு ஆளுங்க? தோட்டம் வெச்சிருக்கறவங்களா, தோட்டத்து வேலைக்குப் போறவங்களா?"

நான் கதவருகில் நின்றவரைப் பார்த்தேன். அவருக்குக் கேட்டிருக்காது. ஆனால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "தோட்டத்து வேலைக்குப் போறவங்க" என்றேன்.

"எனக்கு நேத்திருந்து காய்ச்சலுங்க" என்றார். "இல்லீன்னா வந்திருப்பேன்." காய்ச்சல் உண்மையாகவும் இருக்கலாம். இன்றுவரை எனக்குத் தெரியாது. போனை வைத்துவிட்டு அடுத்ததைத் தேடச் சொன்னேன்.

மூன்றாவது பெயர் கருமத்தம்பட்டி. விசைத்தறி வைத்திருப்பவர். பெயர் இருந்தது, ஊர் இருந்தது. எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் இல்லை. அந்த இடத்தோடு அந்தத் துண்டு முடிந்து, அடுத்த துண்டில் வேறேதோ ஒரு கோப்பின் குப்பை ஆரம்பித்தது.

"மிச்சம் எங்கே?"

"வேற எங்கியாச்சும் இருக்குமுங்க. எங்கன்னு அந்த அட்டவணைதான் சொல்லணும்." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ரெண்டே ரெண்டு எழுத்து. அதைத் தேடவும் முடியாது."

நான் தொலைபேசியை இழுத்துக்கொண்டேன். இருக்கிற எண்ணோடு கடைசியில் இரண்டு சுழியம் போட்டுச் சுற்றினேன். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. சுழியம் ஒன்று. அப்படி ஒரு எண்ணே இல்லை என்றது. சுழியம் இரண்டு. ஒரு குழந்தை எடுத்து "அப்பா இல்லை" என்று சொல்லி வைத்துவிட்டது. இப்படி நூறு எண் சுற்ற வேண்டியிருக்கும். ஆனால் நான்காவது தடவை ஒரு கனத்த குரல் எடுத்தது. பின்னால் ஏதோ எந்திரம் ஓடுகிற சத்தம்.

"மாவு மில்லுங்க. யாரு?"

நான் மன்னிக்கச் சொல்லிவிட்டு வைக்கப் போனேன். சட்டென்று ஏதோ தோன்றி, தறிக்காரரின் பெயரைச் சொல்லி, தெரியுமா என்று கேட்டேன்.

"எந்தத் தறிக்காரருங்க? அந்தப் பேருல மூணு பேர் இருக்காங்க."

"ரத்தம் குடுப்பாருங்க. ஓ நெகட்டிவ்."

"அட, அவரா! ரத்தம் குடுத்தேன்னு சட்டையில ஒரு பேட்ஜைக் குத்திக்கிட்டுத் திரிவாரே. அவரு தறிக்குடோன் எதுத்தாப்புலதான். எதுக்குங்க?"

சொன்னேன். எங்கே ஆரம்பித்தேன், எங்கே முடித்தேன் என்று தெரியவில்லை. ரிசீவரை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது, எந்திரம் நிற்கிற சத்தம் கேட்டது. தூரத்தில் அவர் யாரையோ கத்திக் கூப்பிட்டார். தறிகளின் தடதடப்பு சன்னமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு வேறொரு குரல், மூச்சிரைக்க.

"ஏனுங்க, எந்த ஆஸ்பத்திரிங்க?" அவ்வளவுதான் கேட்டார். "ஸ்கூட்டர்லயே வாரேன். பஸ்ஸுக்கு நின்னா ஆகாது."

அதற்கப்புறம் தேடலில் இன்னும் மூன்று பெயர்கள் கிடைத்தன. ஒருவர் பெங்களூருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். ஒருவரின் எண்ணில் யாரும் எடுக்கவில்லை. கடைசியாகக் கிடைத்தவர் உக்கடத்தில் ஒரு ஆட்டோ ஓட்டுநர். அவர் கொடுத்திருந்த எண் ஆட்டோ நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருந்த எஸ்.டி.டி. பூத்தினுடையது. பூத்துக்காரர் வெளியே எட்டிப்பார்த்துக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். ஓட்டுநர் சவாரியை இறக்கிவிட்டு இருபது நிமிடத்தில் வந்து நின்றார்.

தறிக்காரர் வருவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சுத்தூசி. "சாப்பிட்டீங்களா?" என்று நர்ஸ் கேட்டதற்கு, "இல்லீங்க, ஊட்டுக்குப் போனா நேரமாயிருமுன்னு தறிக்குடோன்லிருந்து அப்படியே வந்துட்டேனுங்க" என்றார். வெறும் வயிற்றில் எடுக்க முடியாது என்று சொல்லி, பன்னும் டீயும் கொடுத்து, கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். என் ஆயுளில் அவ்வளவு நீளமான கால் மணி நேரத்தை நான் பார்த்ததில்லை. அவர் பன்னைப் பிட்டுப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "கொழந்தை எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டார். யாரு வீட்டு ஆள் என்று அவர் கேட்கவில்லை. அவர் கேட்டுவிடுவாரோ என்று நான் பயந்துகொண்டே நின்றிருந்தேன்.

ரத்தம் எடுத்த உடனே ஏற்றிவிட முடியாது. சோதிக்க வேண்டும், பொருத்திப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பையும் மாடிக்குப் போகும்போது அந்த வீட்டுக்காரர் படிக்கட்டின் அடிவரை பின்னாலேயே போய், அங்கே நின்றுவிடுவார். மேலே போக அவரை விடவில்லை. மூன்று மணி சுமாருக்கு டாக்டரம்மா இறங்கி வந்தார். ரத்தம் பொருத்திப் பார்க்கக் கையுறை போட்டிருந்த கைகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

"கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாப் போச்சு" என்று அந்த வீட்டுக்காரரிடம் சொன்னார். "ஆனா பொழைச்சுக்குவா. பொம்பளைப் புள்ளை நல்லா இருக்கு."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். டாக்டரம்மாவைக் கும்பிட்டுவிட்டு, திரும்பி என் அறைப் பக்கம் வந்து என்னையும் கும்பிட்டார். பழுது பார்ப்பவரையும் கும்பிட்டார். "எடுத்துப்போட்டீங்களே அம்மா" என்றார். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. நான் திரையைப் பார்த்தேன்.

பழுது பார்ப்பவர் மூன்று நாள் வந்து உட்கார்ந்து, இரண்டு அட்டவணையையும் ஒப்பிட்டு, வட்டிலிருந்து எழுநூறு பெயருக்கு மேல் மீட்டுத் தந்தார். எழுத்தே சிதைந்துபோயிருந்த மிச்சம் போனது போனதுதான். கடைசி நாள், செய்த வேலையை எழுதிக் கையெழுத்திட வேண்டிய தாளில், பழுதுக்குக் காரணம் என்ற இடத்தில் 'மின்சாரக் கோளாறு' என்று எழுதினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அதுவும் பொய் இல்லீங்களே" என்றார் மெதுவாக.

அன்றைக்குச் சாயங்காலம் டாக்டரம்மா அந்தத் தாளைப் படித்துவிட்டு, "நல்லவேளை நீ இருந்தே. வேற யாராவது இருந்திருந்தா அந்தப் பொண்ணு போயிருப்பா" என்றார். நான் தலையாட்டினேன். எட்டு நாள் அந்தத் தலையாட்டலோடு வேலைக்குப் போனேன். சாப்பாடு இறங்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் காரணமில்லாமல் கண்ணில் நீர் வந்தது. அந்தப் பெண் பிழைத்துவிட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். உடனே, அவளுக்கு இனி பிள்ளை பிறக்காது, இரண்டு மணி நேரம் முன்னாடியே ரத்தம் வந்திருந்தால் ஒருவேளை, என்று இன்னொரு எண்ணம் வரும்.

ஒன்பதாம் நாள் டாக்டரம்மாவின் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். சரிபார்க்கும் கட்டளையைக் கொடுத்தது நான், ஒய் தட்டியது நான், அட்டையைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டதும் நான்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "ரெண்டு மணி நேரம் முன்னாடி ரத்தம் வந்திருந்தாலும் அந்தக் கர்ப்பப்பையைக் காப்பாத்தியிருக்க முடியுமான்னு எனக்கே தெரியாது. அதை நீ சுமக்காதே" என்றார். எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் அவர் நிறுத்தவில்லை. "மத்ததைச் சுமக்கத்தான் வேணும். அட்டை வாங்கிட்டு வா. கையால எழுது. கம்ப்யூட்டரும் இருக்கட்டும், அட்டையும் இருக்கட்டும்." அதற்கப்புறம் ஒரு வருடத்துக்கு மேல் மாதத்தின் முதல் திங்கள்கிழமை அவரே வந்து அட்டைகளை எண்ணிப் பார்த்தார். என்னை நம்பவில்லை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

மீட்ட எழுநூற்றுச் சொச்சம் பேருக்கும் தபால் அட்டை எழுதி விவரங்களைச் சரிபார்த்தேன். தொலைந்த முந்நூறு பேரை என்ன செய்வதென்று தெரியவில்லை. யார் தொலைந்தார்கள் என்றே எனக்குத் தெரியாது. கல்லூரிகளுக்கும் மில்களுக்கும் போய் நின்று, முன்பு எங்களிடம் பெயர் கொடுத்தவர்கள் மறுபடி கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். கொஞ்சம் பேர் வந்தார்கள்.

மறு வருடம் மழைக்காலம் முடிந்த சமயம், ஒரு காலையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். கையில் காய்கறிப் பை. ரத்தம் கொடுக்கிற அறைக்குப் போகாமல் நேராக என் மேசைக்கு வந்தார்.

"ஏனுங்க அம்மணி, ஒரு வெவரம் கேக்கோணும். முன்னாடியெல்லாம் வருசத்துக்கு மூணு தடவை கூப்பிடுவீங்க. இப்ப ஒரு வருசத்துக்கு மேலாச்சு, கூப்பிடவே இல்லீங்களே. எனக்கு வயசாயிருச்சுன்னு எடுத்துப்போட்டீங்களா?"

"உங்க பிரிவு என்னங்க?"

"ஓ நெகட்டிவுங்க."

வீடு எங்கே என்று கேட்டேன். அவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் காட்டினார். எங்கள் மதில் சுவருக்கு அப்பால், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற தெரு. நடந்தால் பத்து நிமிடம். அந்த ஆடி மாதம் ஊரில்தான் இருந்தாரா என்று கேட்டேன். "நான் எங்கீங்க போறேன்? பென்சன்காரன். ஊட்லதான் உக்காந்திருந்தேன்" என்றார்.

ஒரு புதிய அட்டையை எடுத்து, அவர் பெயரைக் கேட்டு, மெதுவாக எழுதினேன். எண்ணை எழுதிவிட்டு அவரிடமே ஒரு தடவை படித்துக் காட்டினேன். "சரியா இருக்குதுங்களா?" என்று கேட்டேன். "இருக்குதுங்க" என்றார். இன்னொரு தடவை படித்துக் காட்டினேன்.